விஜி கடை மாத்திரை

பொதட்டூர்பேட்டையில் பஞ்சாட்சரத்திடம் போய், "பொண்ணு இன்னா படிக்குது?" என்று தெரிந்தவர்கள் யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டவன் மாட்டிக்கொள்வான். ஓடுகிற தறியை நிறுத்திவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தெருவுக்கே வந்து விளக்க ஆரம்பித்துவிடுவார். காய் வாங்கப் போன ஆள் காயை மறந்துவிட வேண்டியதுதான்.

"கேன்சர் கட்டி எங்கியோ ஒரு மூலையில குந்திகினு கீது. ஆனா அது ஒடம்பு பூரா ஓடற ரத்தத்த கெடுக்குது. ரத்தக்குழா உள்பக்கம் வழவழன்னு இருக்கணுமா, அது சொரசொரன்னு ஆயிடுது. டெங்கு வந்தா கொறையுதே பிளேட்லெட்டு, அது வேலை இல்லாத நேரத்துல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது. ரத்தம் ஒறைஞ்சி குழாய அடைச்சிடுது. யாருக்கு அப்படி ஆவும், யாருக்கு ஆவாதுன்னு முன்னாடியே கண்டுபிடிக்க முடியுமான்னு எம்பொண்ணு பாக்குது. டாக்டர் பட்டத்துக்கு."

மகள் புவனா சொல்லிக் கொடுத்ததை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பிப்பார். அதோடு நிறுத்தினால் பரவாயில்லை. "அதாவது நம்ம தறியில பாவு நூலு சிக்கிக்குது பாரு, அந்த மாதிரி" என்று சொந்தச் சரக்கையும் சேர்ப்பார். புவனா பக்கத்தில் இருந்தால் உடனே மறுப்பாள்.

"இல்ல நைனா. அந்த மாதிரி இல்ல."

"அப்ப நாடா பாதியில நின்னுடுமே, அந்த மாதிரியா?"

"அந்த மாதிரியும் இல்ல. தறிய விட்டுட்டு சொல்லேன்."

தறியை விட்டுவிட்டு எதையும் சொல்லப் பஞ்சாட்சரத்துக்குத் தெரியாது. வீட்டுக்குப் பின்னால் கல்நார் கூரை போட்ட கொட்டகையில் இரண்டு விசைத்தறி. கூலிக்கு லுங்கி நெய்கிறார். காலையில் நின்றால் இருட்டுகிறவரை நிற்பதுதான். இழை அறுந்தால் முடிய வேண்டும், நாடாவுக்குள் இருக்கும் தாரில் நூல் தீர்ந்தால் மாற்ற வேண்டும். உட்கார நினைக்கிறபோது ஒரு தறி கூப்பிடும், அதைப் பார்த்துவிட்டு வந்தால் இன்னொன்று கூப்பிடும். அடுத்த கொட்டகையில் அவர் மைத்துனன் குமரேசனுக்கு இரண்டு தறி. தெரு முழுக்க இப்படித்தான். சத்தத்தில் பேசிப் பேசி அந்தத் தெருக்காரர்கள் ரகசியம் பேசினால்கூட அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

புவனா இந்தப் படிப்பை எடுத்ததற்குக் காரணம் அவள் அம்மா பத்மா. நான்கு வருடத்துக்கு முன்னால் பத்மாவுக்கு மார்பில் கட்டி வந்தது. சென்னையில் அறுவை செய்து, மருந்து ஏற்றி, முடியெல்லாம் கொட்டி, ஒருவழியாகத் தேறி வீட்டுக்கு வந்தாள். வந்த கொஞ்ச நாளில் இடது கால் வீங்கியது. உட்கார்ந்து தார் சுற்றியதில் நீர் கோத்துக்கொண்டது என்று பஞ்சாட்சரம் தானே வேப்பெண்ணெயைக் காய்ச்சி உருவிவிட்டார். சென்னையில் படித்துக்கொண்டிருந்த புவனா விஷயம் தெரிந்ததும், உடனே டாக்டரிடம் போகச் சொல்லிப் போனிலேயே கத்தினாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் தொடையில் ரத்தம் உறைந்து நின்றிருந்தது. அது நகர்ந்து நுரையீரலுக்குப் போயிருந்தால் கதை முடிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். கட்டியும் உறைவும் வேறு வேறல்ல, இரண்டாவது முதலாவதன் வேலைதான் என்று அன்றைக்குத்தான் அந்த வீட்டுக்குத் தெரிந்தது. ரத்தம் உறையாமல் இருக்கப் பத்மா இன்றைக்கும் தினம் மாத்திரை சாப்பிடுகிறாள். கணவனையும் தறியையும் பழையபடி மிரட்டிக்கொண்டு நன்றாகவே இருக்கிறாள்.

போன தை மாதம் ஊருக்கு வந்த புவனா சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். கருவாட்டுக் குழம்பு வைத்தும் மகள் சாப்பிடவில்லை என்றால் ஏதோ பெரிய விஷயம் என்று பத்மாவுக்குத் தெரியும்.

"இன்னாடி?"

"நோயாளிங்க ரத்தம் ஆஸ்பத்திரியிலயே கெடைக்குதும்மா. அத எதோட வச்சி பாக்கறது? அம்பது வயசு தாண்டின, கேன்சரு இல்லாத, சுகரு கிகரு இல்லாத நல்ல ஆளுங்க ரத்தம் வேணும். அப்படிப்பட்டவங்க யாரு எனக்காக வந்து கை நீட்டுவாங்க?"

"நம்ம தெருவே கீதேம்மா," என்றார் பஞ்சாட்சரம். "எத்தினி பேரு வேணும், சொல்லு."

"ரத்தம் எடுத்து ரெண்டு மூணு மணி நேரத்துல மெஷின்ல போட்டாவணும் நைனா. இங்க எடுத்துகினு போவ முடியாது. அவங்க அங்க வரணும்."

"வருவாங்க. அமாவாசைக்கு தறி லீவுதானே?"

சொன்னபடி மாசி அமாவாசையன்று ஒரு பஸ் ஆளைத் திரட்டிவிட்டார். எல்லாரும் சலவை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. பெண் பார்க்கப் போகிறார்களா என்று கண்டக்டர் கேட்டான். திருத்தணி ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது எல்லாருக்கும் பஞ்சாட்சரம் டீ வாங்கிக் கொடுத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து, டீயோடு ஆளுக்கு ஒரு வெள்ளை மாத்திரையும் கிள்ளிக் கொடுத்தார்.

அது அந்தத் தெருவின் வழக்கம். நாள் முழுக்க நின்ற காலுக்கும் இடுப்புக்கும் தெருமுனையில் விஜியின் டீக்கடையில் டீயோடு ஒரு வெள்ளை மாத்திரை போட்டுக்கொள்வார்கள். விஜியும் கேட்கவே மாட்டாள். டீ கிளாஸை நீட்டும்போதே பிஸ்கட் டப்பா மூடியில் மாத்திரையையும் வைத்து நீட்டிவிடுவாள். உள்ளே போனதும் கால் லேசாகும், அடுத்த பாவைப் பார்க்கலாம். சென்னை வரை ரயிலில் நிற்க வேண்டி வந்தால் என்ன செய்வது என்று பஞ்சாட்சரம் முன்யோசனையோடு ஒரு அட்டை வாங்கி வைத்திருந்தார்.

ஆராய்ச்சிக்கூடத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட மகளைப் பார்த்ததும் அவர் தன் வேட்டியை ஒருமுறை சரிசெய்துகொண்டார். புவனாவும் ஒரு நர்சும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"மாமா, நீங்க ஏதாவது மாத்திரை மருந்து சாப்புடறீங்களா?"

"நானா?" குமரேசன் நெஞ்சை நிமிர்த்தினான். "ஆஸ்பத்திரி வாசப்படிய மிதிச்சது கெடையாதும்மா நானு."

வரிசையாக எல்லாரும் அதையே சொன்னார்கள். யாருக்கும் ஒரு நோயும் இல்லை, ஒரு மருந்தும் இல்லை. ரத்தம் கொடுத்தவர்களுக்கு ஆளுக்கொரு மாம்பழ ஜூஸும் பிஸ்கட்டும் கிடைத்தது. குமரேசன் இன்னொரு ஜூஸ் கேட்டான்.

"ரத்தம் குடுத்தவங்களுக்கு ஒண்ணுதான் மாமா கணக்கு."

"அப்ப இந்தக் கையிலயும் எடுத்துக்கோ."

சித்திரையில், கல்நார் கூரை நெருப்பாய்க் காய்கிற ஒரு மத்தியானம் புவனா வந்து இறங்கினாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கொட்டகைக்குள் ஓடினாள்.

"நைனா! சூப்பரா வந்துருக்கு. நோயாளிங்க ரத்தத்துல பிளேட்லெட்ட ஒட்ட வைக்கிற மருந்த விட்டா டக்குனு ஒட்டிக்குது. உங்க எல்லாருதுலயும் விட்டா, அது பாட்டுக்கு சும்மா கீது. அவ்ளோ வித்தியாசம். எங்க கைடு மேடத்துக்கு ஒரே சந்தோஷம். டெல்லியில ஒரு கூட்டத்துல பேசறதுக்கு அனுப்பலான்னு சொல்லிட்டாங்க. ஊருல எல்லாருக்கும் ரொம்ப அமைதியான ரத்தம் நைனா."

இது போதாதா? அன்று மாலையே விஜி கடையில் கூட்டம் கூட்டிவிட்டார். "நம்மளுது அமைதியான ரத்தம்னு மெஷினே சொல்லிடுச்சி," என்றார். "என் பொண்டாட்டிகிட்ட வந்து அத ஒரு வாட்டி சொல்லு பாவா," என்றான் குமரேசன். எல்லாரும் டீ குடித்தார்கள். டீயோடு மாத்திரையும் போட்டுக்கொண்டார்கள்.

ஆனி மாதம் காற்று கிளம்பிக் கொட்டகைக்குள் பஞ்சும் புழுதியும் சுழன்றடித்த ஒரு நாள், பத்மாவுக்குப் பல்வலி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போனில் மகளிடம் புலம்பினாள். கையில் தார் இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். கரண்ட் போயிருந்தது. அபூர்வமாகத் தெருவே அமைதியாக இருந்தது.

"விஜி கடையில அந்த வெள்ள மாத்திரை ஒண்ணு வாங்கியாரச் சொல்லிக்கீறேன். போட்டா அடங்கிடும்."

"அம்மா! அதப் போட்டுடாத. நீ ஏற்கனவே ரத்தம் ஒறையாம இருக்க மாத்திரை சாப்புடற. அந்த வெள்ள மாத்திரையும் ரத்தத்த ஒறைய விடாது. ரெண்டும் சேந்தா, எங்கியாவது ரத்தம் வந்தா நிக்காம போவும். பல் டாக்டர்கிட்ட போ, உன் மாத்திரை அட்டைய எடுத்துப்போய் காட்டு. நான் மீட்டிங்ல கீறேன், அப்பறம் பேசறேன்."

பஞ்சாட்சரம் விசிறிக்கொண்டிருந்த அட்டையைக் கீழே வைத்தார். அந்த வெள்ள மாத்திரையும் ரத்தத்த ஒறைய விடாது. அமைதியான ரத்தம். திருத்தணி ஸ்டேஷனில் தன் விரல் ஒவ்வொன்றாகக் கிள்ளிக் கொடுத்தது கண் முன்னால் வந்தது. ரத்தம் அமைதியாக இருந்ததே அந்த மாத்திரையால்தான்.

நேரே குமரேசன் கொட்டகைக்குப் போனார்.

"டேய், அன்னிக்கி மாத்திரை சாப்புடறியான்னு பொண்ணு கேட்டுச்சே, இல்லன்னு ஏன்டா சொன்ன?"

"இல்லன்னா இல்லன்னுதான சொல்லணும்?"

"ஸ்டேஷன்ல போட்டியே?"

"அது டீயோட போட்டது பாவா."

"அது இன்னாடா?"

"அது..." குமரேசன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். "அது மாத்திரைன்னு யாரு நெனச்சா? டாக்டரு குடுத்தாதான மாத்திரை? இது விஜி குடுக்கறது."

அவனைத் திட்ட முடியவில்லை. நர்ஸ் கேட்டபோது பஞ்சாட்சரமும் அதே பதிலைத்தான், அதே நெஞ்சு நிமிர்வோடு சொல்லியிருந்தார்.

விஷயத்தைக் கேட்டு முடித்ததும் குமரேசன் குரலைத் தாழ்த்தினான். அவன் தாழ்த்தியதே மூன்று வீட்டுக்குக் கேட்டிருக்கும். "பாவா, வாய மூடிகினு கம்முனு இரு. பொண்ணு டெல்லிக்குப் போவப்போவுது. படிப்பு முடியப்போவுது. அது முடியட்டும்னுதான காஞ்சிபுரத்து சம்பந்தம் காத்துகினு கீது? நீ சொல்லலன்னா யாருக்குத் தெரியப்போவுது?"

பஞ்சாட்சரம் அன்று நெய்த லுங்கியில் கரை கோணிக்கொண்டு போனது. மறுநாளும் அப்படியே. மகள் இரண்டு வருடமாகத் தூக்கமில்லாமல் செய்த வேலை. அதில் கல்லைத் தூக்கிப் போடுகிற கை தன் கையாகவா இருக்க வேண்டும்? சொல்லாவிட்டால் எல்லாம் நன்றாகவே நடக்கும். அதுதான் அவரை அரித்தது.

பத்மாவிடம் எதையும் ஒளித்து அவருக்குப் பழக்கமில்லை. பல் பிடுங்கிய வாயோடு தார் சுற்றிக்கொண்டிருந்தவளிடம் கொட்டிவிட்டார். அவள் ராட்டையை நிறுத்தாமல் கேட்டாள். நூல் அறுந்தபோதுதான் நிறுத்தினாள்.

"எங்கால வேப்பெண்ணெ போட்டு உருவினீங்களே, ஞாபகம் கீதா?"

"அத ஏன் இப்ப எடுக்கற?"

"நல்லதுன்னு நெனச்சிதான உருவினீங்க. உங்க மேல எனக்கு அதுல ஒரு கோவமும் இல்ல. டாக்டரு உருவாதன்னாரு, நிறுத்தினீங்க. நான் பொழைச்சேன். இப்ப இவ எழுதறத நம்பி நாளைக்கி எவரோ ஒரு டாக்டரு என்ன மாதிரி ஒருத்திக்கி மருந்து எழுதுவாரு. அது தப்புக் கணக்குன்னு உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். என்னால அப்படி இருக்க முடியாது. உங்களால முடியுமா?"

அவருக்கும் முடியாது என்று கேட்கும்போதே அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமை சாயங்காலம் திருத்தணி ஸ்டேஷனில் மகளை மொபெட்டில் ஏற்றிக்கொண்டார். மலைக்கோயில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்திருந்தன. டெல்லிக்கு எந்தப் புடவை கட்டுவது, அம்மாவின் அரக்குப் பட்டைக் கேட்கலாமா என்று புவனா பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தாள். ஊர் தாண்டிக் கரும்புத் தோட்டங்கள் ஆரம்பிக்கும்வரை பஞ்சாட்சரம் ஒரு வார்த்தை பேசவில்லை. மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல அவரால் ஆகாது. அதனால்தான் வண்டி ஓட்டும்போது சொல்வதென்று முடிவு செய்திருந்தார். காற்றைப் பார்த்து, கத்திச் சொன்னார்.

"வண்டிய நிறுத்து நைனா."

நிறுத்தினார். புவனா இறங்கி மைல்கல்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"எல்லாருமா?"

"எல்லாரும்தாம்மா."

"அன்னிக்கி காலையிலயா?"

"தெனம் போடறதுதான். அன்னிக்கி நான்தான் என் கையால குடுத்தேன்."

அவருக்கு அந்த நிமிடம் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. புவனா திடீரென்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று அவர்களைக் கடந்து போனது. டிராக்டர்காரன் பஞ்சாட்சரத்தை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"என்ன திட்டிடும்மா. வாயத் தொறந்து நாலு வார்த்த திட்டிடு."

"உன்ன ஏன் திட்டணும்?" அவள் மூக்கை உறிஞ்சினாள். "ஸ்கூல் படிக்கும்போது யாரு நைனா விஜிக்கா கடைக்குப் போயி உனக்கு டீயும் மாத்திரையும் வாங்கியாந்தது? நான்தான? தூக்குல டீ, உள்ளங்கையில மாத்திரை. அத்தினி வருஷம் எங்கையால வாங்கியாந்துருக்கேன். உங்களக் கேக்கும்போது எனக்கே அது மாத்திரைன்னு தோணலியே. போன வாரம் அம்மாகிட்ட சொன்னேன், அப்பக்கூட தோணல."

"நீ சின்னப் பொண்ணு..."

"இன்னொண்ணு சொல்லட்டா? எனக்கு முன்னாடியே ஒரு சந்தேகம் இருந்துச்சு. நல்ல ரத்தம் இவ்ளோ சோம்பேறியாவா இருக்கும்னு. ஆனா கேக்கல. ரிசல்ட் நல்லா இருந்துச்சா, கேக்க மனசு வரல."

பஞ்சாட்சரம் மகள் பக்கத்தில் புழுதியிலேயே உட்கார்ந்துவிட்டார். மெதுவாகக் கேட்டார்.

"இது தறியில ஈரநூலு போட்டா முறுக்கா ஓடி, காஞ்சதும் துணி சுருங்கிக்குமே, அந்த மாதிரியாம்மா?"

புவனா அழுகையோடு அவர் தோளில் தலையை முட்டிக்கொண்டாள். "அந்த மாதிரியும் இல்ல நைனா."

திங்கட்கிழமை அவள் மேடத்திடம் சொன்னாள். இப்போதே தெரிந்தது நல்லதாகப் போயிற்று என்று மேடம் சொன்னாராம். டெல்லிக்கு அனுப்பிய கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். படிப்பு இன்னொரு வருடம் நீண்டது. காஞ்சிபுரத்துக்குப் பத்மா போன் செய்து, காத்திருக்க முடிந்தால் காத்திருங்கள், இல்லாவிட்டால் உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டாள்.

நல்ல ரத்தம் மறுபடி வேண்டும். அதற்கு முன்னால் இரண்டு வாரமாவது வெள்ளை மாத்திரை உள்ளே போகக்கூடாது. மாத்திரை இல்லாமல் நாள் முழுக்க யார் நிற்பது? தெருவில் ஆளுக்கு ஆள் தலையைச் சொறிந்தார்கள். பஞ்சாட்சரத்துக்குத் தறிக்கட்டையில் சாய்ந்திருந்தபோது யோசனை வந்தது. ஆடிக் கிருத்திகைக்கு எப்படியும் மாலை போட்டு, மஞ்சள் துணி கட்டி, விரதம் இருப்பார்கள். கறி மீன் கிடையாது, சாராயம் கிடையாது. குடிகாரன் என்று பெயரெடுத்தவன்கூட மாலை கழுத்தில் இருக்கும்வரை கடைப்பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான்.

"இந்த வருஷம் விரதத்துல மாத்திரையும் சேத்தி," என்று விஜி கடையில் அறிவித்தார்.

"முருகன் எப்ப பாவா மாத்திரை வேணான்னு சொன்னான்?" என்று குமரேசன் கேட்டான்.

"சாராயம் வேணான்னு மட்டும் உங்கிட்ட வந்து சொன்னானா?"

விஜிக்குத்தான் முகம் வாடியது. "எல்லாரும் விரதம் இருங்க. நான் மாத்திரைய வச்சிகினு பல்லாங்குழி ஆடறேன்."

புவனா நேரில் வந்து எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினாள். "டாக்டரு எழுதிக் குடுத்து சாப்புடறவங்க யாரும் எதையும் நிறுத்தக் கூடாது. அவங்க எனக்கு வேணாம். மத்தவங்களும் எனக்காக வலிய பொறுத்துகினு இருக்காதீங்க. முடியலன்னா போட்டுக்குங்க. ஆனா போட்டேன்னு சொல்லிடுங்க. அது ஒண்ணு போதும். கிருத்திகை முடிஞ்சி, நல்லா சாப்ட்டு தெம்பானதுக்கு அப்பறம் வாங்க."

மாத்திரை நின்றதும்தான் தெருவுக்குத் தன் கால்கள் இருப்பதே தெரிந்தது. கெண்டைக்கால் கல்லாக இறுகியது. இடுப்பில் ஆணி அடித்த மாதிரி குத்தியது. சாயங்காலமானால் வீட்டுக்கு வீடு வாளியில் உப்புப் போட்ட வெந்நீர், அதில் இரண்டு கால். "முருகா" என்கிற சத்தம் பக்தியிலா வலியிலா என்று சொல்வதற்கில்லை. அடுப்பை அணைக்கப் பத்மாவுக்கு நேரமே இல்லை. அக்கம்பக்கத்துக் கால்களுக்கெல்லாம் அவள்தான் வெந்நீர் வைத்தாள்.

கிருத்திகையன்று பூக்காவடி எடுத்துத் திருத்தணிக்கு நடந்தார்கள். அரோகரா என்று கத்திக்கொண்டு மலையேறி, சரவணப் பொய்கைக் கரையில் மொட்டை போட்டுக்கொண்டார்கள். மாலையைக் கழற்றிய பிறகும் மாத்திரை விரதம் மட்டும் தொடர்ந்தது. அதற்குமேல் குமரேசனால் நிற்க முடியவில்லை. அவன் கட்டிலில் விழுந்தான். அவனுடைய பாவு தீரவேண்டிய வாரம். பஞ்சாட்சரம் தன் தறி இரண்டோடு அவன் தறி இரண்டையும் சேர்த்து ஓட்டினார். இந்தக் கொட்டகைக்கும் அந்தக் கொட்டகைக்குமாக ஓடிக்கொண்டிருந்தவரைப் பார்த்து, "உங்களுக்கு மட்டும் இரும்புலயா கால் செஞ்சி வச்சிக்கீது?" என்று பத்மா அதட்டினாள். அவர் கேட்டால்தானே?

ஒரு வழியாகச் சென்னைக்குப் போகிற நாள் வந்தது. மொட்டைத் தலைகளாக ஒரு கூட்டம் ரயிலிலிருந்து இறங்கி, சந்தனம் பளபளக்க ஆராய்ச்சிக்கூடத்து வாசலில் வந்து நின்றதும் காவலாளி பதறிப்போனார். திருத்தணி ஸ்டேஷனில் எல்லாரும் வெறும் டீதான் குடித்திருந்தார்கள். வழியெல்லாம் குமரேசன் பேசிக்கொண்டே வந்தான். பஞ்சாட்சரம்தான் வழக்கத்துக்கு மாறாக வாயே திறக்கவில்லை.

உள்ளே அதே நர்ஸ், அதே கேள்வி. இந்தத் தடவை குமரேசனின் பதில் லேசில் முடியவில்லை.

"போன மாசம் இருமலுக்கு துளசிக் கஷாயம் குடிச்சேன். நேத்து வெத்தல போட்டேன், சுண்ணாம்பு கொஞ்சம் தூக்கல். பல்லுக்கு கிராம்பு வச்சேன். மலையில பஞ்சாமிர்தம். அப்பறம் எங்க வூட்டம்மா பூண்டுக் கொழம்பு வச்சா, அதையும் எழுதிக்கோ."

"மாத்திரை?"

"முருகன் மேல சத்தியமா இல்ல."

கூட்டமே சிரித்தது. ஒவ்வொருவராகப் போய்க் கை நீட்டினார்கள். கடைசியாகப் பஞ்சாட்சரத்தின் முறை வந்தது. ரப்பர் பட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு புவனாவே கேட்டாள். "நைனா, மாத்திரை ஏதாவது?"

"நேத்து ஒண்ணு போட்டேம்மா."

அறையில் இருந்தவர்கள் எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"குமரேசன் தறியில பாவு முடியற நேரம். காலு மரத்துப்போயி கீழ வுழுந்துட்டேன். எழுந்து நிக்க முடியல. விஜி வேணாம் வேணாம்னுதான் சொன்னா. நாந்தான் அதட்டி வாங்கிப் போட்டுக்கினேன்."

புவனா பட்டையை மேசைமேல் வைத்தாள். பஞ்சாட்சரம் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே போனார். வராந்தா பெஞ்சில், எல்லாருடைய செருப்புக்கும் பத்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்று மூட்டைக்கும் காவலாக உட்கார்ந்தார். ஊருக்கெல்லாம் விரதம் சொன்ன ஆள். மகளின் புத்தகத்தில் தன் ரத்தம் இருக்கும் என்று எத்தனை பேரிடம் பீற்றியிருப்பார்! கண்ணில் நீர் முட்டியது. மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. புவனா வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கெடுத்துட்டேன் பாரும்மா. ரெண்டு தரமும் நானே கெடுத்தேன்."

"நைனா, நான் சொல்றத கேளு. போன தடவையும் எல்லாரும் இல்லன்னுதான் சொன்னாங்க. இன்னிக்கும் காலையிலேர்ந்து ஒருத்தர் மாத்தி ஒருத்தர் இல்ல இல்லன்னு சொல்றாங்க. எத வச்சி நம்பறதுன்னு எனக்கு உள்ள ஒதறிகினே இருந்துச்சு. நீ போட்டேன்னு சொன்ன. பெத்த பொண்ணு படிப்புன்னும் பாக்காம, அத்தினி பேரு எதிர்ல சொன்ன. அதுக்கப்பறம் ரெண்டு பேரு தானா வந்து, நாங்களும் போட்டோம்மா, சொல்ல வெக்கமா இருந்துச்சின்னு சொல்லிட்டாங்க. அவங்களத் தனியா எடுத்து வச்சிட்டேன். இப்ப உள்ள கீறது எல்லாம் நெசமான ரத்தம். எனக்கு பயம் போயிடுச்சு."

கோட்டுப் பையிலிருந்து மாம்பழ ஜூஸை எடுத்து, குழலைக் குத்தி அவர் கையில் கொடுத்தாள்.

"வேணாம்மா," என்று அவர் கையை இழுத்துக்கொண்டார். "ரத்தம் குடுத்தவங்களுக்குத்தான இது?"

"ஆங். குடி நைனா."

கதவிடுக்கில் குமரேசனின் மொட்டைத் தலை தெரிந்தது. "ஊசியே போடாத ஆளுக்கு ஜூஸா? அப்ப எனக்கு ரெண்டு வரணும்!" என்று கத்தினான். பஞ்சாட்சரம் அவன் பக்கம் திரும்பவே இல்லை. மகளின் கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குழல் காற்றை இழுத்துக் கரகரக்கும்வரை கடைசிச் சொட்டையும் உறிஞ்சிக் குடித்தார்.